பட்டுச்சேலை கட்டிப் படம் பார்த்த பகல்

பிள்ளைகளா,

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானும் அம்மாவும் சென்னைக்குப் போய்வருவது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். மருந்து வாங்க ஒரு நாள் முழுக்கவா ஆகும் என்று பெரியவள் போன மாதம் கேட்டாள். ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போறாங்க என்று சின்னவன் சிரித்தான். "ஆமாண்டா, உங்கப்பாதான் ஈரோ, நான்தான் ஈரோயினி" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

நாங்கள் போவது ஓவியக் கண்காட்சிக்கு. சென்னையில் எந்தக் கட்டடத்தில் கண்காட்சி நடக்கிறதோ அங்கே போய்ப் படங்களைப் பார்க்கிறோம். கையில் காசு இருக்கிற மாதத்தில் இத்தாலிச் சாப்பாடும் சாப்பிடுகிறோம். சிரிக்காதீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வேன் டிரைவருக்கும், மலையில் கடுக்காய் பொறுக்கி வளர்ந்தவளுக்கும் இது எப்படிப் பழக்கமானது என்று சொன்னால், நான் வேன் ஓட்டுவதை ஏன் விட்டேன் என்பதையும் சொன்ன மாதிரி ஆகும். முதலாளியோடு தகராறு என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது கல்யாணத்துக்குப் போகிறோம் என்றோம், ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் தூரத்துச் சொந்தம், சென்னையில் முகூர்த்தம் என்று. நீங்கள் நம்ப வேண்டுமே என்று அவள் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள். நான் கரை வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் போட்டேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினோம்.

அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எனக்கு இடது பக்கம் சரியில்லை. வலி கிடையாது. எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும். ஓரத்தில் வருவது மட்டும் வருகிற மாதிரியே தெரியாது, திடீரென்று முளைத்து நிற்கும். வெள்ளிமலை ஏறுகிற வளைவில் ஒரு தடவை வேன் புளியமரத்தை உரசியது. இன்னொரு தடவை ஒரு பசுமாடு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியில் நடந்த கண் முகாமில், இது கண் நரம்பு சம்பந்தப்பட்டது, சென்னைக்குப் போய்க் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை இரண்டு மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். துவைக்கும்போது அம்மா எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன இருட்டறை. அதற்குள் பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தின மாதிரி ஒரு மிஷின். கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்து போகும். தெரியும்போதெல்லாம் கையில் கொடுத்த பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

எங்கள் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண் பரிசோதனைக்குப் போனால், முன்னால் போய்வந்தவன் எழுத்துப் பலகையின் கடைசி வரியைச் சொல்லிக் கொடுத்துவிடுவான். நாமும் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வருவோம். கண் பரிசோதனை என்றால் எப்படியாவது பாஸ் ஆகிவிட வேண்டிய ஒன்று என்றுதான் என் புத்தியில் பதிந்திருந்தது. இங்கேயும் அப்படியே நினைத்தேன். வெளிச்சம் தெரிந்தாலும் அழுத்தினேன், தெரியாவிட்டாலும் அழுத்தினேன். ஒரு தாளம் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தேன். வெளியே வரும்போது நன்றாகச் செய்துவிட்டதாகத்தான் எண்ணம்.

மிஷினைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் காகிதத்தைக் கையில் எடுத்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், வெளிச்சமே வராதப்ப எல்லாம் அமுக்கியிருக்கீங்க?"

"வந்த மாதிரி இருந்ததுங்க."

"மிஷினு ஒத்துக்காது சார். இத்த டாக்டர்கிட்ட குடுக்க முடியாது. இப்ப கண்ணுக்கு மருந்து வுட்டு உள்ள நரம்ப பாப்பாங்க. அந்த மருந்து வேகம் கம்மியானப்புறம் நாலரைக்கு வாங்க. மறுபடியும் இதே டெஸ்டு. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "மிஷினு ரிப்பேராம், சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க" என்றேன். அவள் என் வேட்டி மடிப்பை நீவிவிட்டாள்.

மருந்து விட்ட கண்ணோடு தெருவுக்கு வந்தால், அது நான் பார்த்திருந்த தெருவே இல்லை. கண்பாப்பா பெரிதாக விரிந்துபோய் வெயில் முழுக்க உள்ளே கொட்டியது. கார்கள் கரைந்து வெள்ளி ஓடையாகப் போயின. மரங்களுக்கு ஓரம் இல்லை. மனிதர்கள் வெளிச்சத்திலிருந்து உருவாகி வந்து மறுபடி வெளிச்சத்திலேயே மறைந்தார்கள். கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் மனசில்லை. அம்மா முந்தானையை என் நெற்றிக்கு மேலே கூரை மாதிரி பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனாள். பட்டுச்சேலையின் பச்சை என் கண்ணுக்குள் நிறைந்திருந்தது.

ஒரு வாசலிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெள்ளைக் கட்டடம், திறந்த கதவு, படியோரம் பூந்தொட்டிகள். "பேங்க் மாரி இருக்குது. சித்த நேரம் குந்திட்டு போலாம்" என்றாள் அம்மா. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

பேங்க் இல்லை. சுவரெல்லாம் படங்கள். நூல்சேலை கட்டிய ஒரு பெண் கையில் பூத்தட்டோடு எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். "வாங்க, வாங்க! ஊர்லேர்ந்து வர்றீங்களா? மேடத்தோட சொந்தமா?"

பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியும் பேசிவிட்டன. அன்றைக்குத்தான் அந்தக் கண்காட்சியின் திறப்பு நாளாம். நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் குளிர்ச்சியை விட்டு வெளியே போக என்னால் முடியாது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் சந்தனம் கொடுத்து, "மேடம் வந்துகிட்டிருக்காங்க. நீங்க சுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு முன்னால் நான் படம் என்று பார்த்ததெல்லாம் காலண்டர்தான். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு தனி விளக்கு. மருந்துக் கண்ணுக்கு ஒவ்வொரு விளக்கும் மயில் தோகை மாதிரி வட்டம் வட்டமாக விரிந்தது. அதற்குக் கீழே நிறங்கள் சட்டத்துக்குள் நிற்காமல் சுவரில் கசிந்தன. சிவப்பு, நாவல்பழ நிறம், சாணம் மெழுகின தரையின் பச்சை. கோடுகள் எதுவும் பிடிபடவில்லை, அதனால் எனக்கு அவசரமும் இல்லை. இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதுதான் முதல் தடவை. ரோட்டைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

"இதுல இன்னா இருக்குது, சொல்லுமே" என்று கேட்டேன்.

"ஒரு பொம்பள குந்தியிருக்கா."

"மூஞ்சி எப்படி இருக்குது?"

"மூஞ்சி இல்ல."

"மூஞ்சி இல்லாம எப்படி?"

"போடலங்க. கையெல்லாம் நல்லா போட்டிருக்குது. கம்மல்கூட கீது. மூஞ்சிக்கு வர்றதுக்குள்ள பொழுது போயிடுச்சாட்டம் இருக்கு."

அடுத்த படம். "இது?"

"மழ. நெறைய கொட. கொடைக்குக் கீழ ஆளுங்களே இல்ல. கொடைங்க மட்டும் கடைத்தெருவுக்குப் போய்க்கினு இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. கல்யாணமான புதிதில் பேசின மாதிரி பேசிக்கொண்டு ஒவ்வொரு சுவராக நகர்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல எனக்குள் அந்தப் படங்கள் தெரிந்தன. அசலைவிட நன்றாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசிச் சுவரில் ஒரே ஒரு படம். சுவர் அகலத்துக்கு இருந்தது. சாம்பல் நிறம், அதற்குள் கொஞ்சம் நீலம், எங்கேயோ ஒரு இடத்தில் லேசாக வெளுப்பு. "இதுல ஒண்ணியும் இல்லீங்க" என்றாள் அம்மா. ஆனால் எனக்கு அது தெரிந்தது. மார்கழியில் மலை வளைவில் மூடுபனி இறங்கினால் கண்ணாடிக்கு வெளியே இதே நிறம்தான். ரோடு இருக்காது, பள்ளம் இருக்காது. இந்த இடத்தில் இவ்வளவு திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில் உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அதை நான் அவளுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த வளைவில் பனி அதிகம், எப்படி ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுவோம், எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது இன்னொன்றும் புரிந்தது. ஆறு மாதமாகப் பனி இல்லாத நாளிலும் நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கத்தைக் கையின் ஞாபகத்தில் ஓட்டுகிறேன்.

அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்து, "இன்னாமே, கேக்கறியா?" என்று இடது பக்கம் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. தூரத்தில் நடுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போனேன். "எப்ப வந்து குந்தின?"

"நீங்க பேச ஆரம்பிச்சப்பவே. கால் வலிச்சுது." காலை நீவிக்கொண்டே, "செவுத்துகிட்ட நல்லாதான் பேசினீங்க" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அதற்குள் அந்த மேடம், படங்களை வரைந்த அம்மா, வந்துவிட்டார். நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரி கத்தரித்திருந்தார். கூட ஒரு பத்துப் பேர். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பூத்தட்டுப் பெண் எங்களைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க ஒரு திரி ஏத்துங்க" என்றார். உங்கள் அம்மா தயங்கவே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் ஏற்றினாள். என் கண்ணுக்கு அந்த ஒரு திரி வீட்டுக் கூரை அளவுக்கு விரிந்து நின்றது.

பிறகு எல்லோரையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மரத்தடியில் ஒரு ஓட்டல். இத்தாலி நாட்டுச் சாப்பாடாம். நீளமான மேஜை, வெள்ளைத் துணி, இலை வழியாகச் சொட்டுகிற வெயில். எங்களையும் உட்காரவைத்தார்கள். நடுவில் எழுந்து போனால் இன்னும் அசிங்கம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் பெரிய பெரிய ரொட்டித் துண்டுகளும் தொட்டுக்கொள்ள எண்ணெயும் வந்தன. பச்சை எண்ணெய், வாயில் வைத்தால் தொண்டையில் லேசாகக் காறியது. அடுத்து நீள நீளமான சேமியா மாதிரி ஒன்று, தக்காளியும் ஏதோ வாசனைத் தழையும் போட்டது. உங்கள் அம்மா எதிரே இருந்தவர்களை ஒரு நிமிஷம் கவனித்தாள். முள்கரண்டியைக் குத்தி, நூல் சுற்றுகிற மாதிரி சுற்றி, சிந்தாமல் வாயில் போட்டாள். நான் கையால்தான் தின்றேன். என் சட்டையில் தெறித்த தக்காளியை நீங்கள் கல்யாணச் சாம்பார் என்று நினைத்தீர்கள்.

பிறகு ஒரு தட்டில் மஞ்சளாக, கெட்டியாக, மேலே காளான் போட்டு ஒன்று வந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என் காதருகே, "ஏங்க, இது களி!" என்றாள். பூத்தட்டுப் பெண் பக்கத்தில்தான் இருந்தாள். "மக்காச்சோள மாவுல பண்றதும்மா" என்று விளக்கினாள்.

"மக்காச்சோளமா? எங்க ஊருல அது கோழித் தீவனத்துக்குல்ல லாரி லாரியா போவுது."

"அப்படியா!"

"ஆமாம்மா. இத்தன வருசமா கோழிங்கதான் நல்லா சாப்ட்டுக்கினு இருந்திருக்குதுங்க."

மேஜையே சிரித்தது. படம் வரைந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அது நல்ல களி, பிள்ளைகளா. வெண்ணெய் போட்டுக் கிண்டியது, நாக்கில் வைத்ததும் கரைந்தது. நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். பரிமாறுகிறவர் ரொட்டியை என் இடது பக்கம் வைப்பார். அம்மாவின் கை வந்து, பேச்சை நிறுத்தாமலே, அதை எனக்கு நேரே நகர்த்தும். தண்ணீர் இடது பக்கம் வந்தால் அதையும் நகர்த்தும். புதிதாகச் செய்கிற கை இல்லை அது, ரொம்ப நாள் பழகின கை. வீட்டிலும் கொஞ்ச நாளாக என் டீ டம்ளர் எப்போதும் நட்டநடுவில் இருப்பது ஞாபகம் வந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சின்னவன் வாசல்ல வுட்ட சைக்கிள் மேல போய் வுழுந்தீங்களே, அப்பத்துலேர்ந்து." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "மிஷினு ரிப்பேரா, இல்ல நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

"எல்லாத்துக்கும் அமுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"தெரியலன்னு எழுதிட்டா வேன் போயிடும்மே. வேற இன்னா தெரியும் எனக்கு?"

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "சந்த அன்னிக்கு உங்க வேன்ல எத்தினி பேரு ஏறுறாங்க? எங்க அண்ணன் புள்ளைங்க மூணும் அதுலதான் பள்ளிக்கூடத்துக்கு எறங்குது. கண்ணு தெரியுதுன்னு மிஷினுகிட்ட சொல்லலாம். பள்ளத்துகிட்ட சொல்ல முடியுமா?"

அதற்குள் காப்பியில் ஊறின ஒரு இனிப்பு வந்தது, மேலே பழுப்புத் தூள் தூவியிருந்தது. மூச்சோடு தூள் உள்ளே போய் எனக்குப் புரை ஏறியது. அவள் தலையில் தட்டினாள்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. படம் வரைந்த அம்மாவிடம் போய், "நாங்க உங்க சொந்தம் இல்லீங்க. கண்ணாஸ்பத்திரிக்கு வந்தவங்க. வெயிலுக்கு ஒதுங்கினோம், மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "என் சொந்தக்காரங்க யாரும் ஒரு படத்துகிட்ட ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டாங்க. நீங்க அந்தச் சாம்பல் படத்துகிட்ட அவ்வளவு நேரம் நின்னதா இந்தப் பொண்ணு சொன்னா. என்ன தெரிஞ்சுது?"

"மலை வளைவுங்க. பனி எறங்கியிருக்குது. ரோடு தெரியல."

"நான் வரைஞ்சது கடல்."

"ஐயையோ, தப்பா சொல்லிட்டேனுங்களா?"

"இல்ல. நீங்க சொன்னப்புறம் எனக்கும் ரோடுதான் தெரியுது" என்று சொல்லி வாசல் வரை வந்து எங்களை வழியனுப்பினார்.

நாலரைக்கு மறுபடி அந்த இருட்டறை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். வலது பக்கம் வெளிச்சப் பொட்டுகள் வந்தன, மினுக்கட்டாம்பூச்சி மாதிரி ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வரும்போது அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. வெறும் வெள்ளை, சத்தமில்லாத வெள்ளை. மிஷின் உள்ளே சின்னதாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு நகர்வது மட்டும் கேட்டது. இப்போது இடது பக்கம் எங்கேயோ ஒரு வெளிச்சம் எரிகிறது, அது எனக்கு இல்லை என்று புரிந்தது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அழுத்தாமல் காத்திருந்தேன். அந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது, ஆனால் பயமாக இல்லை. அந்தச் சாம்பல் படத்தின் முன்னால் நின்ற மாதிரியே இருந்தது.

காகிதத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தது. போன பார்வை வராது, இருப்பதைத் தினமும் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். "இன்னிக்கே வண்டிய விட்டுடுங்க" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டீர்கள். "களி போட்டாங்க" என்று அம்மா சொன்னாள், நீங்கள் நம்பவில்லை. அவள் அன்றைக்கு உங்களிடம் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மரவள்ளி மண்டியில் இப்போது நான் எடை போடுகிற இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான். வேனுக்கு மத்தியானத்திலிருந்து சங்கராபுரத்து ஆள் வருவான், ஆறடி உயரம், நன்றாக ஓட்டுவான் என்றார். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போனேன். யாரும் இல்லை. கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி, என் குட்டைக் காலுக்காக இத்தனை வருஷம் முன்னால் இழுத்து வைத்திருந்த சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினேன். பிரேக் என் காலை விட்டு விலகிப்போனது. இறங்கிக் கதவைச் சாத்தினேன்.